ஒளிவாளும் பிளாஸ்டிக் நாற்காலியும்

ஏழாம் வகுப்பில் படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் நான் ஒளிவாளால் வெட்டுப்பட்டுச் செத்தேன். நாடகம் அறிவியல் டீச்சர் எழுதியது. பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏதோ ஒரு கிரகத்தில் நடப்பது. என்னைக் கொல்கிறவள் என் பெரியப்பா மகள். ஒரு வயது மூத்தவள் என்பதால் ராணி வேடம் அவளுக்குப் போயிற்று, சாகிற வேலை எனக்கு வந்தது. அதையாவது ஊர் மெச்சச் செய்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

வாள்களைச் செய்து கொடுத்தவர் அப்பா. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் அவருக்கு வயரிங் வேலை. லாரி முகப்பில் மின்னும் எல்இடி பட்டையை வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் சொருகி, கைப்பிடியில் பேட்டரி வைத்துவிட்டார். என்னுடையது பச்சை, அக்காவுடையது சிவப்பு. கைப்பிடிக்குக் கறுப்புத் துணி சுற்றித் தைத்தது அம்மா.

சண்டை முறையை நானே யோசித்து வைத்திருந்தேன். ஒளிக்கு எடை கிடையாது; எடையெல்லாம் கைப்பிடியில்தான். ஆகவே கம்பு சுற்றுவது போலத் தோளிலிருந்து வீசத் தேவையில்லை, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். கூர் ஒரு பக்கம், மழுக்கல் ஒரு பக்கம் என்பதும் கிடையாது. எங்கே பட்டாலும் வெட்டும். அதனால் ஓங்கும்போது வாள் நம் தோள் பக்கம் வரவே கூடாது. அக்காவோ துணி துவைப்பது போல ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"அக்கா, உன் காத நீயே அறுத்துக்கிட்ட" என்றேன் ஒத்திகையில்.

"நீ மொதல்ல ஒழுங்காச் சாவு புள்ள" என்றாள்.

ஒழுங்காகச் சாவதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். ஒளிவாள் பட்டால் ரத்தம் வராது, கத்தவும் முடியாது. உடம்பு விறைத்து, உதறி, அப்புறம்தான் விழ வேண்டும். இதை யாருக்கும் காட்டவில்லை. விழாவன்று அசத்தலாம் என்று மொட்டை மாடியில் தனியாகப் பழகினேன்.

அன்று மாலை மைதானம் நிறையக் கூட்டம். அம்மாவும் அப்பாவும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். விளக்குகளை அணைத்ததும் இரண்டு வாள்கள் மட்டும் இருட்டில் மோதின. அக்காவின் வாள் என் நெஞ்சைத் தொட்டது. என் வாளை நழுவவிட்டு விறைத்தேன். விரல் நுனிவரை உதறினேன். பலகை அதிர விழுந்து, கிடந்தபடியும் உதறினேன்.

"தொடாதீங்க! யாரும் புள்ளையத் தொடாதீங்க!"

அம்மாவின் குரல். நான் கண்ணைத் திறப்பதற்குள், உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு அவள் மேடை மேல் இருந்தாள். நாற்காலிக் காலால் சிவப்பு வாளை ஓங்கித் தட்டினாள். அது பறந்து போய் உடைந்து, மினுக்கிக்கொண்டு கிடந்தது. கிரீடத்தோடு அக்கா அழ ஆரம்பித்தாள். அப்போது பார்த்து யாரோ விளக்கைப் போட்டார்கள்.

சேலை கலைந்து, நாற்காலியைத் தூக்கிப் பிடித்தபடி அம்மா நின்றாள். மைதானமே சிரித்தது. "அடுத்த ரவுண்டுக்கு யாருங்கக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். எழுவதா, கிடப்பதா என்று தெரியாமல் நான் செத்தே கிடந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர், என்னமோ பண்ணிட்டனுங்க" என்று அம்மா கைகூப்புவது கேட்டது. பெரியம்மா தன் மகளை இழுத்துக்கொண்டு எங்களிடம் பேசாமல் போனார்.

வண்டியில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். பின்னாலிருந்து அம்மாவின் கை என் வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. தட்டிவிட்டேன்.

"பேட்டரிதான்னு உனக்குத் தெரியாதாம்மா? நீதான துணி சுத்துன?"

"தெரியும் சாமி."

"அப்புறம் எதுக்கு வந்த?"

தட்டிவிட்ட கை மறுபடி வந்து என் வயிற்றைப் பிடித்தது. "உடு சாமி, ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் அப்பா. வீட்டுக்குப் போயும் யாரும் பேசவில்லை. திங்கட்கிழமை பையன்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, போர்வெல் வண்டியில் வேலைக்குப் போன தாய்மாமன் வெளிமாநிலத்தில் இறந்துபோனார். எங்கள் வீட்டில் அதற்கு விபத்து என்று மட்டும் பெயர். எப்படி என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பா சொன்னார். தூக்கிய இரும்புக் குழாய் மேலே போன மின்கம்பியில் பட்டிருக்கிறது. மாமன் உதறியபடி நின்றிருக்கிறார். தொட்டால் தமக்கும் பாயும் என்று சுற்றி நின்றவர்கள் தொடவில்லை. உடலோடு வந்த கூட்டாளிகளை அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாளாம்: "தட்டியுட ஒரு காஞ்ச கட்டகூடவா அங்க கெடைக்கல?"

விழா முடிந்த அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. "சோறு திங்க வா சாமி" என்று அம்மா வந்து கூப்பிட்டபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவ்வளவு பாடுபட்டுப் பழகியும், என் சாவு நன்றாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.