சிவப்புப் பெட்டிக்குள் இரண்டு கோடுகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் ஓவியன் ஆனேன்.

சிரிக்காதீர்கள். என் சமையல் பரிசோதனைகளைச் சகித்தீர்கள். நான் ஸ்கீ பழகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த கதையையும் சகித்தீர்கள். இதையும் சகியுங்கள்.

எங்கள் பகுதி நூலகத்தில், டேப்லெட்டில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். இலவசம் என்றதால் சேர்ந்தேன். கடைசி வகுப்பில், நூலகக் கண்காட்சிக்காக — இங்கே அதை ‘ஊட்ஸ்டில்லிங்’ என்பார்கள் — டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். “நோர்வே என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வரும் ஒரு பொருளை எடுங்கள். அதன் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழியுங்கள். உங்களால் அழிக்க முடியாமல் எது நிற்கிறதோ, அதுதான் படம்.”

ஒருவர் சீஸ் சீவும் கத்தியை எடுத்தார். இன்னொருவர் கம்பளிச் சுவெட்டரை. நான் சிவப்பு டெலிபோன் பெட்டியை எடுத்தேன். தெருமூலையில் நிற்குமே, இப்போது சிலவற்றில் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறார்களே... அதுதான்.

கதவை அழித்தேன். கண்ணாடியை, போனை, வயரை அழித்தேன். மிஞ்சியது என்ன? நிறையச் சிவப்பு. மேலே பல்பின் மஞ்சள். கீழே பனியின் வெள்ளை. நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு கோடுகள் — இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் கறுப்பு. அந்த இரண்டையும் அழிக்க விரல் போகவில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, ஊட்ஸ்டில்லிங்கில வைக்கப் போற படம் இதுவோ? வடிவா இருக்கு. ஆனா இது என்ன?”

“டெலிபோன் பெட்டி.”

“இதுக்குள்ள டெலிபோன் எங்கை?”

நியாயமான கேள்விதான்.

பச்சைக் கோடு என் நண்பன் பரம். கறுப்புக் கோடு நான். நோர்வேக்கு வந்த புதிதில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். யாரோ கொடுத்த ஜாக்கெட்டுகள் — அவனுக்குப் பச்சை, எனக்குக் கறுப்பு. ஊரில் எங்கள் இருவர் வீட்டிலும் போன் கிடையாது. கடிதத்தில் நாளும் நேரமும் குறித்து அனுப்புவோம். அவன் அம்மாவும் என் அம்மாவும் சேர்ந்து வவுனியாவுக்கு வந்து, ஒரு கொம்யூனிகேசன் கடையில் எங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். இங்கே நாங்கள் பெட்டிக்குள் நெருக்கியடித்து, ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை வைப்போம். அவன் அம்மா என்னைத் திட்டுவார். என் அம்மா அவனுக்குப் புத்தி சொல்லுவார். யார் யாருடைய அம்மா என்பதே குழம்பிவிடும்.

இரண்டு அம்மாக்களும் இப்போது இல்லை.

பரமும் நானும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. காரணம்? தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு யார் தலைமை தாங்குவது என்ற சண்டை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கோயிலில் அவன் பிள்ளையாரிடம் நின்றால் நான் முருகனிடம் போய்விடுவேன். அவன் பக்கத்து நகரமான திராமனுக்கு வீடு மாறியதுகூட ஊரார் சொல்லித்தான் தெரியும்.

கோபம் எப்போதோ போய்விட்டது. பயம்தான் பாக்கி. இந்த நாட்டில் என் அம்மாவின் குரலைக் கேட்டிருந்த ஒரே ஆள் அவன். என் மனைவி கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை. அவனும் இல்லையென்றால் அந்தக் குரலைப் பற்றி நான் யாரோடு பேசுவது?

கண்காட்சி நாளையும் நூலக முகவரியையும் மட்டும் எழுதி அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் போவதற்குள் படங்களை அச்சிட்டு மாட்டிவிட்டார்கள். ஒரு நோர்வேஜியப் பெண்மணி என் படத்தைப் பார்த்து, “அருமையான சூரிய அஸ்தமனம்” என்றார். தலையாட்டி வைத்தேன். என் கண் முழுக்க வாசலில்தான். சுவரை யார் பார்த்தது?

மூன்று மணிக்குப் பரம் வந்தான். நன்றாக நரைத்திருந்தான். என் பக்கம் திரும்பாமல் நேரே படத்தின் முன்னால் போய் நின்றான். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

“டேய், பச்சை நான்தானே?”

“ஓம்.”

“நான் ஏன் வலப்பக்கம் நிக்கிறன்? அந்தப் பக்கம் நிண்டா எனக்கு என்னடா கேக்கும்?”

அவனுக்கு இடது காது கேட்காது. ஊரில் ஷெல் விழுந்த சத்தத்தில் போனது. அதனால் எப்போதும் இடப்பக்கம் நின்று, வலது காதைத்தான் ரிசீவரில் வைப்பான். நான் அப்படித்தானே வரைந்தேன்? அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மஞ்சள் கீழே இருந்தது, பனி மேலே இருந்தது.

“விசரா, தலைகீழாக் கொழுவி வச்சிருக்கிறாங்கள். வரைஞ்ச உனக்கே தெரியேல்லையே?”

சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவன் மெதுவாகச் சொன்னான். “அம்மா ஒவ்வொரு முறையும் கேக்கிறவ... ‘ரெண்டு பேரும் தொப்பி போட்டிருக்கிறியளோ?’ எண்டு.”

யாருடைய அம்மா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நூலகம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

நவீன ஓவியம் ஒருவருக்கும் புரிவதில்லை என்று குறைப்படுகிறோம். ஒரேயொருவனுக்குப் புரிந்தால் போதாதா?

நூலகப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், உடனே திருப்பி மாட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை பரம் போன் எடுத்து, “படத்தைத் திருப்பியாச்சோ?” என்று என்னைத் திட்டுகிறான்.

திருப்பிவிட்டால்... பிறகு எதற்கு எடுப்பான்?