ஒட்டாத புரதம்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகக் கை ஐஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் வேறென்ன பெயர் வரும்? மனித உடலின் புரதம் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் உண்டாக்கி, பிரித்து, சுத்தம் செய்து, குப்பிகளில் அடைத்து ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. செல்லுக்கு ‘வளர்’ என்று செய்தி வரும்போது, அதைக் கொண்டுவரும் புரதத்தையும் வாங்கிக்கொள்ளும் புரதத்தையும் இணைத்துவைப்பது இந்தப் புரதம்தான்.

“தரகர்னு சொல்லு” என்பார் அவர் கணவர்.

ஒருமுறை நூறு குப்பிகள் தயாராகி, சுத்தப் பரிசோதனையிலும் தேறிவிட்டன. ஆனால் அந்தத் தடவை பாக்டீரியா அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்தது அக்காவின் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது; அவசரத்தில் உண்டாகும் புரதம் சில சமயம் சரியான வடிவத்தில் மடங்காது. ஒரு குப்பியைத் திறந்து, புரதம் தான் இணைக்கவேண்டிய புரதங்களோடு ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை.

“சுத்தமாத்தானே இருக்கு? அனுப்பிடலாமே” என்றார் மேலாளர்.

“சுத்தமா இருக்கு சார், ஆனா வேலைக்கு ஆகாது. வாங்கினவங்க தப்பு தங்களோடதுதான்னு நெனச்சு, மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்குவாங்க.”

நூறையும் அவரே அப்புறப்படுத்தினார். பாக்டீரியாவைக் குறைந்த சூட்டில் நிதானமாக வளர்த்து, மூன்று வாரத்தில் மறுபடி செய்து முடித்தார். இம்முறை புரதம் கச்சிதமாக ஒட்டியது.

அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த மேலாளர், மறுநாளே சுவரில் ஓர் அறிவிப்பை மாட்டினார். ஒட்டும் பரிசோதனை முடிந்து அக்கா கையெழுத்துப் போடாமல் இனி ஒரு குப்பியும் வெளியே போகாது.

அதைப் படித்த அக்கா கேட்டார்: “அப்ப நான் லீவே எடுக்க முடியாதா சார்?”