கிரைண்டர் ஓடும்போது கேட்கும் கிட்டார்

என் மனைவியின் பெரியப்பா நல்ல மனிதர். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நான் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது, எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பி வந்து என் காதருகே குனிந்து, "ஏனுங்க மாப்ள, ஜெனரேட்டர் நல்லாத்தான் ஓடுது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னுதான் தெரியலைங்க" என்றார். கிண்டல் இல்லை. மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

அன்று முதல் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் நான் கிட்டாரைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிறகு என் மச்சானுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளகோவிலில் வரவேற்பு, மேடையில் நான் ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்று அவனே கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் முகம்தான் வாடிவிட்டது. "எங்க சனத்து முன்னால மறுபடியும் என்னையத் தலைகுனிய வெச்சுப்போடாதீங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதால் சுருக்கென்றது.

குற்றம் என் விரல்களில் இல்லை, ஐ.ஆரில் இருக்கிறது என்பது என் கட்சி. மின்கிட்டாரின் சத்தத்துக்கு உடம்பு கொடுப்பது ஸ்பீக்கர் பெட்டி. அது இல்லாவிட்டால் வெறும் கொசு ரீங்காரம்தான். சரவணம்பட்டி அடுக்குமாடியில் அத்தனை பெரிய பெட்டியை அலறவிட்டால் அசோசியேஷன்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். ஆகவே பெட்டியின் குணத்தை மட்டும் ஒரு சின்ன ஃபைலாகப் பதிந்து, கிட்டாரோடு இணைக்கும் பெடல் கருவியில் ஏற்றிக்கொள்கிறோம். அதுதான் ஐ.ஆர். எந்தப் பெட்டி, எந்த மைக், மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் வைத்தார்களா ஓரத்தில் வைத்தார்களா, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்பேன். காலையில் தேனாக இருந்தது மதியம் தகரமாகிவிடும். புடவைக் கடையில் மனைவியைக் கேலி செய்யும் தகுதியை அப்போதே இழந்துவிட்டேன்.

கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். சத்தத்தை அவள்தான் தேர்ந்தெடுப்பாள். அவளுக்கு எதுவும் பிடிக்காவிட்டால் நான் மேடை ஏறக் கூடாது. அவள் பம்ப் மோட்டார் கம்பெனியில் தரச் சோதனை இன்ஜினியர், நாள் முழுக்க மோட்டார் சத்தம் கேட்டு நல்லது கெட்டது பிரிப்பவள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் உட்கார்ந்து, எனக்கு மிகவும் பிடித்த ஐ.ஆரில் ஆரம்பித்தேன்.

"பேரிங் போயிருச்சுங்க" என்றாள்.

அடுத்ததை வாசித்தேன். "இது லோடு தாங்கலைங்க."

இப்படியே ஏழெட்டு மோட்டார்களைக் கழித்துவிட்டு எழுந்தாள். "பக்கத்துல உக்காந்து கேட்டா எல்லாமே இரைச்சலாத்தான் இருக்குதுங்க. கம்பெனியிலயும் அடுத்த ரூம்ல நின்னுதான் மொதல்ல கேப்போம். நீங்க வாசிங்க, நான் போய் மாவாட்டறேன்."

சமையலறையில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. நான் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஐ.ஆர்கள் ஒவ்வொன்றாக அதில் காணாமல் போயின. நான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, "நிறுத்திட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெறுத்துப்போய், அழிக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைப் போட்டேன். பக்கத்தில் கேட்டால் ஜலதோஷம் பிடித்தவன் பாடுவது போலிருக்கும்.

மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "இதுல பாட்டு தெரியுதுங்க."

"மூக்கடைச்ச மாதிரி இருக்குதே, அம்மணி."

"இருக்கட்டுங்க. கிரைண்டரைத் தாண்டி வருதில்ல?"

நானும் விடவில்லை, விலை கொடுத்து வாங்கிய ஐ.ஆர்களின் பெருமையையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள், அசையவில்லை. நான் இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, அந்த மூக்கடைச்ச ஐ.ஆரையே பெடலில் ஏற்றினேன்.

வரவேற்பன்று மாலை மேடையில் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, "நான் கீழ பந்தியப் பாத்துக்கறேனுங்க" என்றாள். பந்தியைப் பார்க்க அவர்கள் வீட்டில் ஆளுக்கா பஞ்சம்? நான் வாசிப்பதைச் சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து பார்க்க அவளுக்குப் பயம். அது புரிந்தும் புரியாத மாதிரி தலையாட்டினேன். மனசு கனத்துப் போனது.

எங்கள் பக்கத்து வரவேற்புகளில் மொய் வைத்த கையோடு சனம் சாப்பாட்டுக்கு இறங்கிவிடும். மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. முன்வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வாசிக்க ஆரம்பித்தேன். என் கண் கம்பியில் இல்லை, அவர் வேட்டியில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தொடையில் தாளம்கூடப் போட்டார், கொஞ்சம் தப்பாக.

பாட்டின் நடுவில் மாடிப்படிக் கதவருகே பட்டுப் புடவை தெரிந்தது. என் மனைவி. நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்ததில் ஓரிடத்தில் விரல் தவறிப்போனது. அப்புறம்தான் கவனித்தேன். புடவையில் படாமல் வலது கையைத் தள்ளிப் பிடித்திருந்தாள், விரலெல்லாம் ரசம் சோறு. சாப்பிடும்போது நான் போனை எடுக்க எழுந்தாலே திட்டுகிறவள், பாதி இலையில் எழுந்து வந்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும் மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"கீழ அத்தனை பாத்திரச் சத்தத்துலயும் கேட்டுதுங்க" என்றாள். "இன்னொன்னு வாசிங்க. இலைய எடுக்க வேண்டாம்னு பெரியம்மாகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கறேன்."

இன்னொன்று வாசித்தேன். கை காயும்வரை அவள் அங்கேயே நின்றாள்.