தாமதமாக வளர்ந்த ஈஸ்ட்

கீழ் கோத்தகிரியில் பிறந்த கெஸியா, ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கிறாள். என்ன வேலை என்று தேவாலயத்தில் கேட்பவர்களுக்கு ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். இப்போதெல்லாம் "பன்னு பொங்க வெக்கிற ஈஸ்ட்டுதானுங்க" என்பதோடு சரி. அம்மா ரோஸ்மேரி இறந்தபின் கோத்தகிரியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள்.

ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸை நிறுத்திவிட்டு, காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுத்தால், அதைச் செரிக்கும் மரபணுக்கள் விழித்தாக வேண்டும். பல புரதங்கள் சேர்ந்த ஒரு தொகுதி மரபணுவின் முகப்பில் வந்து அமர்ந்தால்தான் அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலை தொடங்கும். அந்தத் தொகுதியில் ஒரு புரதத்தை மட்டும் நீக்கிய ஈஸ்ட்டை உருவாக்கியவள், கெஸியாவோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரி வர்ஷா. காலக்டோஸ் தட்டில் அதை இட்டு இரண்டாம் நாள் பார்ப்பாள்; தட்டு வெறுமையாக இருக்கும்; வீசிவிடுவாள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் மரபணு விழிக்காது, இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று ஆய்வு வழிகாட்டி சொன்ன பிறகு, மனம் வெறுத்து வங்கி வேலைக்குப் போய்விட்டாள். அதன்பின் ஆய்வகத்தில் கெஸியாவுக்குப் பேச்சுத்துணை இல்லை.

சென்ற ஆடி மழையில் மண் சரிந்து ஊட்டிச் சாலை ஒரு வாரம் அடைபட்டது. வழி திறந்ததும், இன்குபேட்டரில் கிடந்த பழைய தட்டுகளை வீசத்தான் கெஸியா எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மழைக்கு முன் அவள் காலக்டோஸில் இட்டிருந்த வர்ஷாவின் ஈஸ்ட் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது.

மரபணுவில் வேறு ஏதாவது மாற்றம் நேர்ந்திருக்குமோ என்று அவற்றைக் குளுக்கோஸில் வளர்த்து, மறுபடி காலக்டோஸில் இட்டாள். புது மாற்றம் என்றால் இம்முறை உடனே வளர்ந்திருக்கும்; மீண்டும் அதே தாமதம். ஆர்.என்.ஏ. அளவும் அதையே காட்டியது: மரபணு வேலை செய்கிறது, தொடங்கத்தான் நேரமாகிறது.

சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கிவிட்டு வர்ஷாவை அழைத்தாள்.

"நீ பண்ணுன ஈஸ்ட் வளருது வர்ஷா. மெதுவா."

"வேற எதாச்சும் கலந்திருக்கும்."

"பாத்துட்டேன். உன்னுதுதான்."

மறுமுனையில் வங்கியின் இரைச்சல். "அப்ப நான் இன்னுங் கொஞ்ச நாள் விட்டு வெச்சிருந்தா..." என்றாள் வர்ஷா. ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரைத்தான் முதலில் போடப்போவதாகக் கெஸியா சொன்னாள்.

"போடு. ஆளுக நிக்கறாங்க, அப்பறம் பேசறேன்."

அந்த அழைப்பு வரவேயில்லை. கட்டுரை வெளியானதும் கெஸியா அனுப்பி வைத்தாள். வர்ஷா பார்த்துவிட்டதற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது. கெஸியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.