கைதட்டல் இல்லாத கவியரங்கம்

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குக் காரை நிறுத்தியதும் சபரிநாதன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார். நாலாக மடித்த காகிதம் பத்திரமாக இருக்கிறது. பிரித்து ஒருமுறை வாசிக்கிறார், தலையை ஆட்டித் தானே ரசிக்கிறார், பெருமூச்சு விட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடுகிறார்.

"இன்னிக்கும் உள்ள வரலியா அது?" என்கிறார் மனைவி ருக்மிணி.

"கார்லயே வெயிட் பண்ணட்டும். ஹீட்டரைக் கொஞ்சம் போட்டுட்டுப் போலாமா?"

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் வீடு, மருந்துக் கம்பெனியில் முப்பது வருட வேலை, அறுபத்து மூன்று வயது. இதெல்லாம் அவருக்கு உபதொழில். தமிழர் விழா எதுவானாலும் கவியரங்கத்தில் கடைசிக் கவிஞர் அவர்தான். முன்னால் விட்டால் மற்றவர்களுக்கு நேரம் மிஞ்சாது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்வார். முடித்ததும் வலது கையை உயர்த்திக் கைதட்டலை அடக்குவார். கைதட்டல் தொடங்கும் முன்பே அந்தக் கை உயர்ந்துவிடுவதும் உண்டு.

ருக்மிணி அந்த விழாக்களுக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. டவுன்ஷிப் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்தில் வருடாந்தரப் பழைய புத்தக விற்பனை என்று கேள்விப்பட்டு, இரண்டு பையோடு போனவர், அடுத்த ஞாயிறும் போனார்; பின்னாலேயே சபரிநாதனும் வரத் தொடங்கினார். அங்கே பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. நீள பெஞ்சுகளில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதோ உந்தினால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். பதில் சொல்ல மாட்டார்கள், தட்ட மாட்டார்கள். கடைசியில் பக்கத்திலிருப்பவரோடு கை குலுக்கினால் கூட்டம் முடிந்தது.

படமும் பாட்டும் கதையும் மனத்தைக் கலைக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்தவர்கள் அவர்கள். இப்போது பின்னறை முழுக்கக் கவிதைப் புத்தகங்கள், ருக்மிணியின் பொறுப்பில். வியாழக்கிழமைகளில் வாட்டர்கலர் வகுப்பு வேறு. சபரிநாதன் தீட்டிய பூசணிக்காயைப் பார்த்து, சூரிய அஸ்தமனம் பிரமாதம் என்றார் பெஞ்சுத் தோழர் வால்ட்டர். சபரிநாதன் மறுக்கவில்லை.

"என்னய்யா, மதம் மாறிட்டியா?" என்று நண்பர் பாலசுப்ரமணியன் கேட்டதற்கு, "அட போய்யா! பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல புளியோதரை, இங்க அமைதி. ரெண்டும் வேணும் எனக்கு" என்றார்.

அந்த அமைதியைப் பற்றித்தான் அவர் போன அக்டோபரில் அந்தக் கூடத்திலேயே எழுந்து கவிதை வாசித்தார். ஆங்கிலத்தில், எழுதிக் கொண்டுபோய், வரிக்கு இரண்டு தடவை வீதம் பதினோரு நிமிடம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முடித்து உட்காரும்போது பழக்கதோஷத்தில் வலது கை எழுந்தது. அரைத்தூக்கத்திலிருந்த வால்ட்டர், கூட்டம் முடிந்ததாக்கும் என்று அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அதைப் பார்த்து எல்லாரும் குலுக்கினார்கள். இருபது நிமிடம் முன்னதாகவே எல்லாரும் காபி குடிக்கப் போனார்கள்.

திரும்பும் வழியில் ருக்மிணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்க கவிதை இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்குதேன்னுதாங்க நான் இங்க வந்தேன்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரே கேட்டு என்ன, வீட்டில் இருப்பவள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாளே! இவள் கேட்கிற மாதிரி ஒரு கவிதை சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அதுதான். அன்றிலிருந்து காகிதம் கார்ப்பெட்டியில். உள்ளே உட்கார்ந்து, வாய் துறுதுறுக்கும்போதெல்லாம், இது உள்ளிருந்து வருவதா, கைதட்டல் ஆசையா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். ஐந்து மாதமாக ஒரே விடைதான் வந்தது. மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. நல்ல வெயில். குளிர்காலம் முழுக்கக் கூரையில் கிடந்த பனி இளகி, ஜன்னலுக்கு வெளியே சொட்டத் தொடங்கியது. சபரிநாதன் எழுந்தார். ருக்மிணியின் தோள் இறுகியது. கையில் காகிதம் இல்லை. வந்தது தமிழில்தான், அந்த அறையில் தமிழ் தெரிந்தது ருக்மிணி ஒருவருக்குத்தான்.

"மூணு மாசம் வாயை மூடியிருந்த கூரை,
இப்பத்தான் சொட்டுச் சொட்டாப் பேசுது.
நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஒரே ஒரு முறை சொன்னார். உட்கார்ந்தார். யாரும் தட்டவில்லை. வெளியே சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சபரிநாதன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

வலது கை மெல்ல அசைந்தது. சட்டென்று அதை இழுத்துத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார். ருக்மிணி கண்ணைத் திறக்காமலே அந்தக் கையை வெளியே உருவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.