கண் சாயாவும் மேத்தன் மணியும்

காலையில் பால் அளக்க வந்த பாருக்குட்டியம்மை, நான் நீட்டிய சொம்பைக் கவனிக்காமல், "பிள்ளையத்தேகம் போயி. அறிஞ்ஞில்லே?" என்றாள். பிள்ளை இறந்துவிட்டார் என்கிறாள். எந்தப் பிள்ளை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. முந்தின நாள் மாலை அவர் கொடுத்தனுப்பிய பித்தளைத் தூக்கு, மூடி திறக்காமல் என் ஜன்னலில் இருந்தது. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். மார்வலியோடு படுத்திருந்த மனிதர் அடுத்த வீட்டுக்காரன் கண்ணுக்குக் கஷாயம் காய்ச்சி அனுப்புவாரா? அவர் அனுப்பினார். அவரை அறிந்த நீங்கள் என் எரிச்சலை மன்னிப்பீர்கள். உங்களில் பலரும் அந்தக் கஷாயத்தைக் குடித்தவர்கள்தான்.

சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஆறுமுகம் பிள்ளை அண்ணாச்சி நாஞ்சில் நாட்டுக்காரர். நான் சர்க்கார் கச்சேரியில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வலியசாலையில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஊரில் எல்லோரும் சாயா குடிக்கத் தொடங்கியபோது அவரும் ஒன்று கண்டுபிடித்தார். பொன்னாங்கண்ணி, ஆவாரம்பூ, நெல்லிமுள்ளி, சோம்பு எல்லாம் போட்டது, தேயிலை மட்டும் கிடையாது. அதற்குக் 'கண் சாயா' என்று பெயரும் வைத்தார். "கண்ணு வயித்துல இருந்துதான் வே தொடங்குது. குடியும்!" என்பார். பாதியைக் குடிக்க வேண்டும், பாதியை ஆறவைத்துக் கண்ணைக் கழுவ வேண்டும். ஒருநாள் கருப்பட்டி போட்டதை மறந்து, கழுவும் பாதியையும் எனக்குக் கொடுத்துவிட்டார். இமைகள் ஒட்டிக்கொண்டன. மத்தியானத் தூக்கத்தில் எறும்பு வந்தது. புகார் சொல்லப் போனேன். "எறும்புக்கே தெரியுது, உமக்குத் தெரியலையே!" என்று சிரித்தார்.

இத்தனைக்கும் அவர் கண்ணில்தான் புரை விழுந்திருந்தது. பச்சைப் புடவை கேட்டவர்களுக்கு நீலத்தை எடுத்துப் போட்டார். வலது கண் ஏறக்குறைய போய்விட்டது, இனியும் தள்ளினால் இடது கண்ணும் போகும், உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி, எனக்கு மதினி, சுவரோரம் நின்று என்னிடம் அழுதாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா எனக்கும் ஒரு தம்ளர் ஊத்தித் தாராவ."

யாரிடமும் அடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சொல்ல வேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். முதல் காரணத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே தம்ளர் வந்துவிட்டது.

"கண்ணு தெளிஞ்சிட்டு வருது வே. காலையில ஆடு முட்டுறது தெரியுதுல்லா?" என்றார்.

அதுதான் அவருடைய பரீட்சை. தினமும் காலையில் கோட்டைக்குள் குளக்கரைப் படியில் ஒரே இடத்தில் நிற்போம். எதிரே மேத்தன் மணி என்கிற பெரிய கடிகாரம். மணி அடிக்கும்போது அந்தக் கடிகாரத்துத் தாடிக்காரன் வாய் திறப்பான், இரண்டு ஆடுகள் ஓடிவந்து அவன் கன்னத்தில் முட்டும். மணியோசை கேட்டதும் அண்ணாச்சி, "ஆடு முட்டிட்டு! பாத்தீரா?" என்பார். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் கடிகாரத்துக்கு எண்ணெய் போடுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. வேளை தவறாமல் எங்கோ ஒரு கோயில் மணி அடித்தது.

"ஆடு முட்டிட்டு!" என்றார் அண்ணாச்சி. நானும் தலையாட்டினேன்.

கீழ்ப்படியில் துணி பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏது ஆடு பிள்ளே? கிளாக்கு நின்னு கிடக்குன்னு. கண்ணு கண்டூடே?"

கண் தெரியவில்லையா என்ற அந்தக் கேள்விக்குப் படித்துறையே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெகுநேரம் கடிகாரம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் வே ஆஸ்பத்திரி?" என்றார். அவரோடு பழகிய காலத்தில் அவர் என்னிடம் வழி கேட்டது அந்த ஒருமுறைதான்.

அறுவை நன்றாக நடந்தது. தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். கண்ணில் கட்டோடு, "சாயா கொண்டாந்தீரா?" என்று கேட்டார். கட்டு அவிழ்த்ததும் தடிக் கண்ணாடி வழியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிழடு தட்டிப்போச்சே வே உமக்கு" என்றார். நன்றியை டாக்டருக்குச் சொல்லுங்கள் என்றேன். "அவரு என்ன செஞ்சாரு? புரைய உள்ளே பழுக்க வச்சது சாயா. அவரு பறிச்சாரு, அவ்வளவுதான்!" நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆடுகளை அவர் உண்மையாகவே பார்த்தார். முன்னைவிட உரக்கச் சொன்னார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தனியாகப் போய் அந்தப் படியில் நின்றேன். மணி அடித்தது. ஆடு முட்டியது என்று முந்திச் சொல்ல ஆள் இல்லை. நான் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ ஒன்று தெரிந்தது. தாடிக்காரன் இல்லை, ஆடு இல்லை. அடுத்த மணிவரை காத்திருந்தேன். அப்போதும் இல்லை. இத்தனை நாளும் அவர் முந்திக்கொண்டு சொன்னார், நான் தலையாட்டினேன். என் கண்ணை நான் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

வரும் திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் மதினி. அந்தத் தூக்கும், குளக்கரையில் அந்தப் படியும் அண்ணாச்சியுடையவையாக என்னிடம் இருக்கின்றன. எனக்கும் அறுத்துக் கட்டு அவிழ்த்ததும் அங்கே போய் நிற்பேன். ஆடு முட்டுவது தெரிந்துவிட்டால், எல்லாம் சாயாவின் வேலை என்று அண்ணாச்சி எங்கிருந்தாலும் சொல்லத்தான் சொல்லுவார். அப்போதும் நான் தலையாட்டுவேன்.