யாரோ ஏதோ சொன்னார்கள்

ஏழாம் வகுப்பில் என்னைப் பிரெஞ்சு படிக்க வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று அப்பாவிடம் யாரோ சொன்னாராம். அப்பா ஆரணியில் தறி வைத்துப் பட்டுச் சேலை வியாபாரம் செய்பவர். யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்பிவிடமாட்டார். யாரோ சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த மிஸ் அந்த வருடம் நடத்திய ஒரு பாடம் எனக்கு மறக்கவே இல்லை. பெயர் சொல்லாமல் ஆளையும் பொருளையும் குறிக்கிற சொற்கள் அவை. ‘கெல்கான்’ என்றால் யாரோ ஒருவர். ‘கெல்க் ஷோஸ்’ என்றால் ஏதோ ஒன்று. ‘பெர்சோன்’ என்றால் யாருமில்லை, ‘ரியான்’ என்றால் ஒன்றுமில்லை. ‘ஓன்’ என்று ஒரு குட்டிச் சொல் உண்டு. அது நாமாகவும் இருக்கலாம், ஊராகவும் இருக்கலாம். ‘அப்படித்தான் சொல்றாங்க’ என்கிறோமே, அப்படிச் சொல்கிறவர் எவரோ அவராகவும் இருக்கலாம். வகுப்பில் மற்றவர்கள் திணறினார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரன் பார்க்கிற வீட்டில் பெயர் சொல்லக்கூடாது. நிச்சயமாகும் முன் வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும். அதனால் ‘ஒருத்தங்க’ வரப்போவதாகவும், ‘ஒரு எடத்துல’ பேசியிருப்பதாகவும், ‘அது’ நல்லபடி முடிந்தால் முடி இறக்குவதாக வேண்டியிருப்பதாகவும் அம்மா பேசுவாள். வீட்டில் காதில் விழுவதை வைத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார் மிஸ். சமையலறை வாசலில் நின்றாலே போதும், என் வீட்டுப்பாடம் முடிந்துவிடும்.

அத்தை அப்பாவின் தங்கை. சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவள். பின்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, திரை நிறைந்த கட்டங்களில் ஒவ்வொன்றாக நிறம் வைத்துக்கொண்டே போவாள். காலையில் வெறும் புள்ளிகளாக இருந்தது மத்தியானம் கழுத்தாகி, சாயங்காலம் மயிலாகிவிடும். நான் அவளுக்குப் பின்னால் பாயில் படுத்துக்கொண்டு பாடத்தை உரக்கப் படிப்பேன். தெருவின் இரண்டு பக்கமிருந்தும் தறிச் சத்தம் வந்துகொண்டிருக்கும். திரையின் வெளிச்சம் அத்தையின் கன்னத்தில் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறும். கெல்கான் என்பேன், கெல்கான் என்பாள். எது என் குரல், எது அவள் குரல் என்று தெரியாமல் அப்படியே தூங்கிப்போவேன். அந்த மத்தியானங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ‘ஒருத்தங்க’ பெங்களூரிலிருந்து காரில் வந்தார்கள். எல்லாம் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது பையனின் அம்மா சொன்னார்: “பொண்ணு எதுவும் செய்ய வேணாங்க. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்லாம் நம்ப வீட்ல தேவையில்ல. சும்மா உக்காந்துகினு இருந்தா போதும்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொழுது விடிந்ததிலிருந்து உட்காரவே நேரமில்லாத அம்மாவுக்கு, அப்படி ஒரு இடம் பூமியில் இருக்கிறதா என்று இருந்திருக்கும். அத்தை சிரித்த முகமாகத்தான் தட்டுகளை எடுத்து வைத்தாள். அன்று சாயங்காலம் என்னிடம், ‘எதுவும் இல்லை’ என்பதற்குப் பிரெஞ்சில் என்னவென்று கேட்டாள். ரியான் என்றேன். “இவ்ளோ சின்ன வார்த்தையா?” என்றாள்.

இரண்டொரு நாள் கழித்து ஜெராக்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். அங்கே ஒரு ரூபாய் போன் தொங்கும். காசைப் போடுகிற வேலை என்னுடையது. அத்தை பெங்களூர் வீட்டு நம்பரைச் சுழற்றி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வயதான அம்மாள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு பேசினாள். “நான் அதே தெருதாங்க. யாரா இருந்தா உங்களுக்கு இன்னாங்க? அந்தப் பொண்ணுக்கு அது கம்ப்யூட்டர்தான் உசுரு. அத உட்டுட்டு வராது. வந்தாலும் நிக்காது.” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரும் வழியில், யாரிடமும் சொல்லாதே என்றாள். வீட்டில் எல்லாமே ரகசியமாக இருந்த காலம். அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. யாரோ ஏதோ சொன்னார்களாம், வேண்டாமாம். யார் என்று அவர்களும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அது கேட்கக்கூடிய கேள்வி இல்லை. கேட்காமல் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா கண்டுபிடித்துவிட்டார். பையன் வீட்டு ஆள் தெருவில் விசாரிக்க வந்தபோது எதிர்வீட்டு மாமாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். வேறென்ன வேண்டும்? உண்மையில் அந்த மாமா, இந்தப் பொண்ணு புள்ளி வைத்தால் மயில் நடக்கும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றும் முன் நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்ததை முடிய வேண்டும். வெயில் ஏறுமுன் முடியவேண்டிய வேலை. ஒரு வீட்டுக் கைகள் போதாது. எங்கள் தெருவில் பாவுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கமில்லை. வாசலில் கழி நட்டால் போதும், பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவார். அன்று அப்பா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். எதிர்வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.

மாமா தோளில் துண்டோடு தன் வாசலிலேயே நின்றார். தெரு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி போட்டது. அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்தாள்.

“அவரு இல்லண்ணா. நான்தான் போன் பண்ணேன்.”

எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. மாமா அவசரமாகத் தெருவில் இறங்கினார்.

“பாவம், எனக்கோசரம் சொல்லுது அது. நான்தாம்பா சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு?”

அப்பாவின் முகத்தில் கோபம் வருவதற்கு முன் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. காசு போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்விட்டாள். பெரியவர் ஒருவர் தெருவில் நின்று இப்படிப் புளுகுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணமாகாத பெண் தன் வரனைத் தானே கலைத்தாள் என்ற பேச்சு கிளம்பினால் அது எத்தனை ஊர் போகும் என்று யோசிக்கிற வயதா அது.

அதற்குப் பிறகு அந்த வீட்டோடு பேச்சில்லை. எங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே இல்லை. வாழவேண்டிய பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்றால், சொன்னார்கள், அவ்வளவுதான். அத்தை மயிலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன அத்தை என்றால், ஒண்ணும் இல்ல என்பாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் மாமா தன் வாசலில் கழி நட்டார். அவரும் மாமியுமாகப் பாவை இழுத்துக் கட்டினார்கள். நடுவில் அது தொய்ந்து தரையைத் தொட்டது. தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்துதான் இருந்தன. ஒருவரும் வரவில்லை. மாமா இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பார்க்காமல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை எங்களைத் தாண்டிப் போனாள். செருப்பில்லாமல் தெருவைக் கடந்து, தொய்ந்த இடத்தில் இரண்டு கைகளையும் கொடுத்துப் பாவைத் தூக்கிப் பிடித்தாள். மாமா அடுத்த இழையை எடுத்து முடிந்தார். தெரு பார்த்தது. தன் கல்யாணத்தைக் கலைத்தவர் வீட்டுப் பாவை எந்தப் பெண்ணாவது போய்த் தாங்குவாளா? அந்த யாரோ யார் என்று அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவரும் சொல்லவில்லை, அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கினார். அப்பாவைத்தான் யாரும் கூப்பிடவில்லையே, ஏன் போகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் போய்விட்டாள். எனக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. ஸ்கூல் வேன் வேறு வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒற்றைச் சடையோடு எப்படிப் பள்ளிக்கூடம் போவது, என்னைக் கவனிக்க இந்த வீட்டில் ஒருவருமில்லையே என்று வாசலில் நின்று ஓவென்று அழுதேன்.